வீட்டுக்குள் விறகு புகாரி: பொருத்தும் முறையும் பாதுகாப்பும்

மாற்றலாகி இந்த மலைப்பக்கம் வரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. நவம்பர் பிறந்ததும் அடுத்த கேள்வி, "குளிருக்கு என்ன சார் செய்கிறீர்கள்?" என்பது. சென்ற தீபாவளிச் சந்திப்பில் மட்டும் நான்கு பேர் என்னிடம் புகாரி பற்றிக் கேட்டார்கள். ரயில்வேயில் இருந்தவன், நெருப்போடும் இரும்போடும் பழகியவன் என்ற நம்பிக்கை போலும். நான்கு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

புகாரி என்றதும் நம்மில் பலருக்குச் சென்னை மவுண்ட் ரோடும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். இங்கே புகாரி என்பது இரும்புத் தகட்டில் செய்த, கதவு வைத்து மூடிய விறகடுப்பு. அதன் தலையிலிருந்து ஒரு புகைக்குழாய் வீட்டுக்கு வெளியே போகும். சிம்லாவைத் தாண்டிக் கின்னோர், லாஹௌல் பக்கம் போனால் இதையே தந்தூர் என்பார்கள். ரொட்டி சுடும் மண் தந்தூர் வேறு. காஷ்மீரிலும் லடாக்கிலும் புகாரி இல்லாத வீட்டில் குளிர்காலத்தைக் கழிப்பது கடினம்.

சமவெளியில், முக்கியமாகத் தில்லியில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். அங்கே குளிர்காலக் காற்றில் ஏற்கெனவே இருக்கும் புகை போதும். ஆனால் அடுத்து நான் சொல்லப்போகும் அங்கீட்டி விஷயம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

1987 ஜனவரி. எங்களுக்கு சிம்லாவில் அது முதல் குளிர்காலம். குவார்ட்டர்ஸில் கரி அங்கீட்டி ஒன்று இருந்தது. நம் ஊர்க் குமுட்டி அடுப்பின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் உள்ளே எடுத்து வந்தேன். புகைதானே கெடுதல், அதுதான் நின்றுவிட்டதே என்று எண்ணம். குளிர் உள்ளே வராமல் இருக்கக் கதவிடுக்கில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து என் மனைவி தலைவலி என்றாள். எனக்கும் நெற்றி கனத்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அங்கீட்டியை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தேன்! நல்ல வேளையாக, பக்கத்து வீட்டு அம்மாள் தயிருக்கு உறை மோர் கேட்டுக் கதவைத் தட்டினார். எழுந்து போய்த் திறப்பதற்குள் எனக்குக் கால் மடங்கிற்று. அந்த அம்மாள் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். உறை மோரை மறந்து, "கிட்கி கோலோ, கிட்கி கோலோ!" என்று கத்திக்கொண்டே தாமே ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அங்கீட்டியை முற்றத்துக்குத் தள்ளினார். என் மனைவி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அன்று அந்த அம்மாளுக்கு உறை மோர் தேவைப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை.

நடந்தது இதுதான். கரியோ விறகோ போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம் என்று அது முற்றும். புகை அடங்கிச் சிவந்த கங்கு பார்க்கச் சாதுவாக இருக்கும். உண்மையில் அது இந்த வாயுவை ஏராளமாக வெளியிடும் நிலை. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். குளியலறைக்குள் மாட்டும் கேஸ் கீஸரும் இதே வகை எமன்தான்.

புகாரிக்குள்ளும் இதே வாயு உண்டாகிறது. புகாரிக்கும் அங்கீட்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குழாய் ஒன்றுதான். கடையில் பெட்டியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். கதவில் பூ வேலைப்பாடு உண்டா என்று கேட்கிறோம். குழாயை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி, மிஸ்திரி போட்ட வழியில் போட்டுக்கொள்கிறோம்.

சம்மர் ஹில் வீட்டில் பார்த்தது

இந்த வருடம் நான் பொருத்திக் கொடுத்த ஒரு வீட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நண்பர் வங்கியில் வேலை, திருநெல்வேலிக்காரர். பழைய காலத்து வீடொன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், எண்பது வயதைத் தாண்டிய தாயார். அந்த அம்மாளின் கட்டில் கிடக்கும் பெரிய அறையில்தான் புகாரி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மரத் தரை, சுவரில் தேவதாருப் பலகை, மேலே தகரக் கூரை, கூரையைத் தாங்குவதும் மரம். பார்க்க அழகான அறை. பொறியியல் கண்ணோடு பார்த்தால் விறகுக் கடைக்குள் அடுப்பு வைக்கக் கூப்பிட்டது போலிருந்தது.

ஏற்கெனவே பஜாரிலிருந்து ஒரு மிஸ்திரி வந்து போயிருந்தார். ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகரம் அடித்து, அதில் ஓட்டை போட்டுக் குழாயை நீட்டுவது அவர் திட்டம். மலைப்பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஓட்டைக்கும் மர ஜன்னல் சட்டத்துக்கும் நான்கே அங்குலம். "எல்லா வீட்லயும் இப்படித்தான் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகலியே?" என்றார் நண்பர். ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் ஆபத்து என்றேன். மரம் முதல் நாளே தீப்பிடிக்காது. தினமும் சூடேறிச் சூடேறி அதன் ஈரமெல்லாம் போய், உள்ளுக்குள்ளேயே மெல்லக் கரியாகும். அப்படி ஆன மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டில் பற்றிக்கொள்ளும். ஐந்து வருடம் பேசாமலிருந்த ஜன்னல் ஆறாவது வருடம் நள்ளிரவில் பேசும்.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் புகைபோக்கிகளுக்கென்றே 211ஆம் எண்ணில் ஒரு விதிநூல் வெளியிட்டு வருகிறது. சோதனைச் சான்று பெறாத அடுப்பானால் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் 36 அங்குல இடைவெளி, ஒற்றைத் தகட்டுக் குழாயானால் 18 அங்குல இடைவெளி என்பது அதன் கணக்கு. பஜார் புகாரிக்கு ஏது சான்று? ஆகவே இந்தக் கடுமையான கணக்கையே எடுத்துக்கொண்டேன். கட்டில், திரைச்சீலை, துணி காயப்போடும் கொடி, புத்தக அலமாரி எல்லாம் இந்த 36 அங்குலத்துக்கு உட்பட்டவைதாம். முதலில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். அம்மாளின் கட்டில் கோட்டுக்குள் வந்தது, நகர்த்தினோம். "நம்ம ஊர்ல அடுப்ப நெனச்ச எடத்துல வைப்போம். இங்க எதுக்குய்யா இம்புட்டு அளவு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம் ஊர்ச் சமையலறை மண் தரை, கல் சுவர், ஓட்டுக் கூரை. ஓட்டுக்கு ஓடு உள்ள இடுக்கே புகைபோக்கி. காற்று தானாக வரும், போகும். அங்கே அடுப்பு வைத்தவர்களுக்கு அளவு தேவைப்படவில்லை, வீடே அளவாக இருந்தது. இங்கே வீட்டைக் குளிருக்குப் பயந்து இறுக்கி மூடியிருக்கிறோம்.

ஜன்னல் வழியை விட்டு, அறையின் கடைசியிலிருந்த கற்சுவர் வழியே குழாயைக் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னேன். வாடகை வீட்டில் இதை மறக்கக் கூடாது. சுவரின் பலகைகளைக் கழற்றிப் பார்த்ததில் நல்லதாயிற்று. கல்லுக்கு நடுவே ஒரு தேவதாரு உத்தரம் கிடைமட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. பூகம்பத்துக்காகப் பழைய கொத்தர்கள் கற்சுவரில் இப்படி மரம் பதிப்பதுண்டு. நான் குறித்து வைத்திருந்த துவாரம் அதற்கு மேலே ஐந்து அங்குலத்தில் இருந்தது. பலகைக்கு மேலேயே துளைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. துவாரத்தை மேலே ஏற்றி, உத்தரத்துக்கும் குழாய்க்கும் நடுவே முழுசாக ஒன்றரை அடி கல் நிற்கும்படி செய்தோம். குழாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குள் இருந்த பலகைகளைத் திரும்ப அடிக்கவே இல்லை. நண்பரின் மனைவிக்கு அந்த இடம் மூளியாகத் தெரிகிறது என்று வருத்தம். இப்போது அங்கே வெறும் கல் தெரிகிறது. எனக்கு அதுதான் அழகு.

அடித்தளமும் அடுப்பும்

மரத் தரைமேல் முதலில் ஒரு தகடு. அதன்மேல் செங்கற்களை ஒரு வரிசை நெருக்கமாகப் பரப்பி, மேலே ஸ்லேட் கல் பலகை. அடுப்பின் நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீளும்படி இந்த மேடை இருக்க வேண்டும். முன்பக்கம் மிக முக்கியம். கதவைத் திறக்கும்போது கங்கு தெறித்து விழுவது அங்கேதான். எடையையும் கணக்குப் பார்த்தேன். அறுபத்துச் சொச்சம் செங்கல், ஸ்லேட், அடுப்பு எல்லாமாகச் சுமார் 300 கிலோ வந்தது. கீழ்வீட்டில் அனுமதி கேட்டு உள்ளே போய், மேல்தளத்தைத் தாங்கும் சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, முனைகள் உளுத்திருக்கின்றனவா என்று பார்த்துத் தட்டிவிட்டு வந்தேன். சட்டங்கள் சுவரில் ஏறும் முனைக்கு அருகில், நான்கு சட்டங்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு மேடையை அமைத்தோம்.

அடுப்பின் பாகங்கள் கொஞ்சம்தான்: உடல், நான்கு கால், கங்கு நிற்கும் சல்லடை, அதன் கீழே சாம்பல் தட்டு, கதவு, மேலே தடுப்புத் தகடு, குழாய் ஏறும் கழுத்து. கால்கள் ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடியில் காற்று ஓட வேண்டும். காலை முடுக்கிவிட்டு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடுப்பு சாய்ந்தால் கழுத்து சாயும், கழுத்து சாய்ந்தால் குழாய் இணைப்புகள் எல்லாம் ஒரு பக்கம் வாயைப் பிளக்கும். உட்புறம் ஃபயர் பிரிக்கை ஃபயர் சிமென்ட் வைத்துப் பதிக்க வேண்டும். சாதா சிமென்ட் முதல் வாரத்திலேயே உதிர்ந்துவிடும்.

அந்தத் தடுப்புத் தகட்டைப் பல மிஸ்திரிகள் தேவையில்லை என்று வெளியே போட்டுவிடுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சின் ஷெட்டில் பயிற்சி பெற்றவன். எஞ்சினின் ஃபயர் பாக்ஸில் நெருப்புக்கு மேலே சாய்வாக ஒரு செங்கல் வளைவு இருக்கும். புகை நேராக பாய்லர் குழாய்களுக்குள் ஓடிவிடாமல், பின்னுக்குத் திரும்பி, சுடரோடு கலந்து எரிந்துவிட்டுப் போவதற்காக அது. புகாரியின் தடுப்புத் தகடு அதன் சின்னத் தம்பி. அது இல்லையென்றால் விறகின் சூடு கூரைக்கு மேலே போய்க் காக்கைக்குக் குளிர் காயும். அதே ஷெட்டில் கற்ற இன்னொரு பாடம்: எஞ்சின் கறுப்புப் புகை கக்கினால் ஃபயர்மேனுக்குத் திட்டு விழும். கறுப்புப் புகை என்றால் எரியாத கரி வீணாகிறது, காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டுக் குழாயின் உச்சியை வெளியே நின்று பாருங்கள். பற்றவைத்த கால் மணிக்குப் பிறகும் அடர்த்தியான புகை வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுத் துவாரத்தை அதிகம் மூடியிருக்கிறீர்கள்.

கதவைச் சுற்றி இறுக்கத்துக்காக ஒரு கயிறு ஓடும். அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டாஸ் கயிறுதான். நாங்களே ரயில்வேயில் வெறுங்கையால் அறுத்திருக்கிறோம். அது நுரையீரலுக்கு எமன் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கண்ணாடி இழைக் கயிறு கேட்டு வாங்குங்கள். சோதனை சுலபம்: ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இறுக்கம் இல்லை.

குழாய்

குழாய் கறுப்பு இரும்புத் தகடாகவோ, எவர்சில்வராகவோ இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மலிவு, பளபளப்பு. அடுப்புக்கு அருகில் வேண்டாம். கடும் சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகும். அதைச் சுவாசிக்கக் கூடாது. குழாயின் விட்டம் அடுப்பின் கழுத்தளவே இருக்க வேண்டும், வழியில் எங்கும் குறுகக் கூடாது. இங்கே ஆறு அங்குலம்.

எந்த முனை எதற்குள் போவது? இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். மேல்குழாயின் சுருங்கிய முனை கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். மிஸ்திரிகள் பலர் தலைகீழாக மாட்டுவார்கள். புகை மேலே போகிறது, ஆகவே கீழ்க்குழாய் மேல்குழாய்க்குள் நுழைந்தால்தான் கசியாது என்பது அவர்கள் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய் சரியாக இழுக்கும்போது புகை இடுக்கு வழியே வெளியே வராது. அறைக் காற்றுதான் உள்ளே போகும். வெளியே வழிவது புகையல்ல, தார். விறகுப் புகை குளிர்ந்த குழாயில் படிந்து கறுப்புத் தாராக இறங்கும். கிரியோசோட் என்று பெயர். மர ஸ்லீப்பர் கட்டைக்குப் பூசிய அதே பெயர்தான்; அது நிலக்கரித் தாரிலிருந்து வந்தது, இது விறகிலிருந்து. என் சொந்த வீட்டில் 1990களில் ஒரு மிஸ்திரி தலைகீழாக மாட்டிவிட்டுப் போனதில், ஒரே இரவில் புதுச் சோபாவின் கையில் அந்தத் தார் சொட்டியது. கறை போகவே இல்லை. நாற்றம் மட்டும் இரண்டு வருடத்தில் போயிற்று.

ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகாணி. கிடைமட்டமாகப் போகும் பகுதி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதுவும் அடிக்குக் கால் அங்குலம் மேல்நோக்கி ஏற வேண்டும். செங்குத்து வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். சுவருக்கு வெளியே ஒரு டீ வைத்து, அதன் கீழ்வாயில் கழற்றும் மூடி போட்டோம். தூசியும் கரியும் அங்கே விழும், எடுத்துவிடலாம். வெளியே ஏறும் குழாயைப் பனிக்காற்றில் வெறுமையாக விட்டால் புகை உடனே குளிர்ந்து, இழுவையும் குறையும், தாரும் படியும். ஆகவே ஆறு அங்குல எவர்சில்வர்க் குழாயைச் சுற்றி இரண்டு அங்குல செராமிக் வூல், அதற்கு மேல் பத்து அங்குலத் தகட்டுச் சட்டை. நீராவிக் குழாய்களுக்கு நாங்கள் செய்த அதே லாகிங் வேலைதான். அந்த வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம். கூரை விளிம்பில் குறுக்கிட்ட தேவதாருப் பலகையையும் சட்டத்துண்டையும் குழாயின் இருபுறமும் ஒன்றரை அடி அறுத்தெடுத்துத் தகடு வைத்து மூடினோம்.

உச்சி எவ்வளவு உயரம்? கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து மூன்றடி. பத்தடி சுற்றளவில் உள்ள எந்த மேட்டையும்விட இரண்டடி உயரம். இல்லாவிட்டால் கூரையில் மோதிச் சுழலும் காற்று, புகையைக் குழாய்க்குள்ளேயே திருப்பி அடிக்கும். அடுப்புக் கழுத்திலிருந்து உச்சி வரை பதினைந்து அடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. எங்களுக்குப் பதினாறு கிடைத்தது. உச்சியில் மழைத்தொப்பி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டு. பனிக்காற்றுக்காக மட்டுமல்ல, சிம்லாக் குரங்குகள் கம்பம் என்று எதைக் கண்டாலும் ஏறி ஆட்டிப் பார்க்கும்.

ஊதுபத்திச் சோதனை

எல்லாம் முடிந்ததும் நெருப்பு வைக்கலாமா என்று பிள்ளைகள் துடித்தார்கள். முதல் நெருப்பை, குழாய் மாட்டுவதற்கு முன்பே, மாடிப்படிக்கு வெளியே வைத்துப் பெயின்டின் புகையை எல்லாம் போக்கியிருந்தேன். உள்ளே முதலில் சின்னதாக ஒரு சுள்ளி நெருப்பு. மறுநாளும் சின்னது. ஃபயர் சிமென்ட் ஈரம் வற்றி இறுக வேண்டும்.

மூன்றாம் நாள் நல்ல நெருப்பு. அம்மாளிடம் ஓர் ஊதுபத்தி வாங்கி, ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் பிடித்துக்கொண்டே போனேன். பத்தியின் புகை இணைப்பை நோக்கி இழுபட்டால் நல்லது; தள்ளப்பட்டால் அங்கிருந்து விஷவாயு அறைக்குள் வருகிறது. எல்லா இடத்திலும் அழகாக உள்ளே இழுத்தது. நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. "இனி கவலையில்ல அண்ணாச்சி" என்றார். அப்போது சமையலறையில் அவர் மனைவி தாளிப்பதற்காக எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டார். நான் கதவுப் பக்கம் பிடித்திருந்த பத்தியின் புகை நின்று, தயங்கி, என் முகத்துக்கே திரும்பி வந்தது. கூடவே அடுப்பின் காற்றுத் துவாரத்திலிருந்து லேசாக விறகுப் புகை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கணக்கைச் சொல்கிறேன். வெளியே பூஜ்யம் டிகிரி, குழாய்க்குள் சராசரி 200 டிகிரி, உயரம் பதினாறு அடி என்றால், சிம்லாவின் மெல்லிய காற்றில் குழாயின் இழுவிசை சுமார் 20 பாஸ்கல். தண்ணீர்க் கணக்கில் இரண்டே மில்லிமீட்டர். குழாய் அவ்வளவு மெல்லிய கையால்தான் புகையை மேலே தூக்குகிறது. நண்பர் போன வருடம்தான் ஜன்னல்களையெல்லாம் பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றியிருந்தார். ஊசி நுழையும் இடுக்கு இல்லை. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டுமே? வீட்டில் திறந்திருந்த ஒரே வழி புகாரிக் குழாய். குழாய் தலைகீழாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நெருப்பு நன்றாக எரியும்போதே இப்படியென்றால், இரவில் கங்கு அடங்கி, குழாய் ஆறிய நேரத்தில் யாராவது விசிறியைப் போட்டால்? அம்மாளின் கட்டில் எட்டடி தூரத்தில்.

உடனே விசிறியை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்தோம். மறுநாள் அடுப்புக்கு அருகே கற்சுவரில் நான்கு அங்குலக் குழாய் ஒன்று பதித்து, வெளிக்காற்று நேராக அடுப்பின் பக்கம் வர வழி செய்தேன். எலி நுழையாமல் வலை, மூடி கிடையாது. மூடி வைத்தால் குளிருகிறது என்று யாராவது மூடிவிடுவார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒழிய விசிறியைப் போடுவதில்லை என்று ஏற்பாடு. அதன் பிறகு ஜன்னல் திறந்து விசிறியைப் போட்டு மறுபடி பத்தி பிடித்தோம். புகை உள்ளேயே போயிற்று. உங்கள் வீட்டில் ஏற்கெனவே புகாரி இருந்தால் இந்த ஒரு சோதனையை இன்று சாயங்காலமே செய்து பாருங்கள். எல்லா விசிறிகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். குளியலறை விசிறி உட்பட.

கார்பன் மோனாக்ஸைடு அலாரம் என்று சிறு கருவி இப்போது கிடைக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு, பார்த்து வாங்குங்கள். கட்டிலுக்கு அருகே தலை உயரத்தில் மாட்டினோம். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். மருந்துக்குப் பார்ப்பதுபோல் பாருங்கள். அது அலறினால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 112க்கோ 108க்கோ போன் செய்யுங்கள்.

இரவு விஷயத்தில் அம்மாளுக்கும் எனக்கும் வழக்கு. "ராத்திரிதானய்யா குளிரும், அப்ப அணைக்கச் சொல்லுதீகளே?" இங்கே பலரும் படுக்கும்போது பெரிய கட்டையாக ஒன்றைப் போட்டு, டாம்பரை முழுக்க மூடிவிட்டுத் தூங்குகிறார்கள். காலை வரை கதகதப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மோனாக்ஸைடும் தாரும் மிக அதிகமாக உண்டாவது அப்போதுதான். டாம்பர் தகட்டில் கால் பங்கை நானே வெட்டி எடுத்துவிட்டேன்; இனி யார் திருகினாலும் முழுதாக மூடாது. ஒன்பது மணிக்குக் கடைசி விறகு. அதன்பின் செங்கல் மேடையும் கற்சுவரும் உள்வாங்கிய சூட்டை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மேல் ரஜாயும் வெந்நீர்ப் பையும். அம்மாள் முழு மனதோடு ஒப்புக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன்.

விறகைப் பற்றிச் சுருக்கமாக. 'பான்' எனப்படும் மலை ஓக் நின்று எரியும்; பைன் பிசின் மரம், சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். பற்றவைக்கப் பைன் காய் அருமை. எந்த மரமானாலும் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி, முடிந்தால் ஒரு கோடை முழுதும் காய வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பால் கவர் எதுவும் அடுப்பில் போகக் கூடாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து வெளியே வையுங்கள். ஆறியதுபோல் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடிருக்கும். அட்டைப்பெட்டியில் கொட்டிப் பால்கனியில் வைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

குழாயில் கால் அங்குலம் கரி படிந்தாலே சுத்தம் செய்ய வேண்டும். தார் படிந்த குழாய் உள்ளே தீப்பிடித்தால் 1000 டிகிரியைத் தாண்டும். ரயில் போவதுபோல் ஓர் இரைச்சல் கேட்கும். அப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. கதவையும் காற்றுத் துவாரத்தையும் மூடிவிட்டு, வீட்டை விட்டு வெளியேறி 101ஐக் கூப்பிட வேண்டும்.

நண்பர் வீட்டில் குழாய் சுத்தத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. நவம்பரில் குளிர் தொடங்கும் முன் ஒருமுறை, போகியன்று ஒருமுறை. பழையது கழிதலுக்கு அம்மாள் உடனே சம்மதித்துவிட்டார். நீளக் கம்பிப் பிரஷ் என்னிடம் இருக்கிறது. சங்க அன்பர்கள் யார் கேட்டாலும் தருகிறேன். போகியன்று காலை மட்டும் அது சம்மர் ஹில்லில் இருக்கும்.